சிறு தொழில் நடத்துபவர்கள் தங்களுக்குள் உண்மையைப் பேசிக்கொள்வது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு சிறு தொழில் நடத்தும் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடுகிறீர்கள். "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் எல்லாரும் "நன்றாகப் போகிறது" என்கிறீர்கள். புதிதாக ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் அடுத்த மாதமே தொழிலை மூடிவிட்டார். பல மாதங்களாக அவர் தூக்கமில்லாமல் திண்டாடியது பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்குள் ஒளிவுமறைவின்றிப் பேச என்ன வழி, பேசினால் பயன் உண்டா, அல்லது அது புலம்பலாகத்தான் முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "நானும் இப்படி எத்தனை வருடம் ஓட முடியும் என்று தெரியவில்லை." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் கணக்குப் படித்தவன். சிறு நிறுவனங்களின் வரவு செலவைப் பார்த்துக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். அதன் தொடர்ச்சியாக, உங்களுடையதைப் போன்ற சந்திப்புகளை நடத்திக்கொடுக்கவும் செய்கிறேன். மருத்துவனோ மனநல ஆலோசகனோ அல்ல. எனவே தூக்கம், மனச்சோர்வு பற்றி நான் சொல்வதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் சொல்வதாகவும், கணக்கு பற்றிச் சொல்வதைக் கண்ணால் பார்த்தவன் சொல்வதாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் நண்பருக்கு நியாயம் செய்வோம். அவர் உங்களிடம் பொய் சொல்லிவிட்டார் என்ற வருத்தம் கேள்வியில் தெரிகிறது. சம்பளத்துக்கு இருப்பவர் "வேலை தாங்கவில்லை" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. தொழில் நடத்துபவர் அதையே சொன்னால், கேட்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. சரக்கைக் கடனாகத் தருபவர் அடுத்த முறை ரொக்கம் கேட்பார். பணம் கொடுத்தவர் கடனைப் புதுப்பிக்கத் தயங்குவார். கைதேர்ந்த வேலையாள் வேறு இடம் தேடத் தொடங்குவார். பெரிய வாடிக்கையாளர், வேலை பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்து பாதியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார். வீட்டில் சொன்னால் இரண்டு பேருக்குத் தூக்கம் போகும். ஆகவே "நன்றாகப் போகிறது" என்ற சொல் அவருடைய கடன் தகுதியின் ஒரு பகுதி. அதை அவர் உங்களுக்காக மட்டும் தனியாக நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்றால், உங்கள் வட்டம் மற்ற எல்லா வட்டங்களிலிருந்தும் வேறுபட்டது என்பதற்கு அவரிடம் ஏதாவது ஆதாரம் இருந்திருக்க வேண்டும். இருந்ததா? மனம் திறந்து பேசச் சொல்லி ஒருவரை வற்புறுத்துவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மற்றவர்களுடைய துன்பத்தை மனிதர்கள் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று அலெக்சாண்டர் ஜோர்டனும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. மனிதர்கள் கஷ்டத்தைத் தனிமையில் அனுபவித்துவிட்டு, வெளியில் முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவதே இதற்கு முக்கியக் காரணம். அவை கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்டவை. தொழில் நடத்துபவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரின் "நன்றாகப் போகிறது" என்பதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான்தான் திறமையில்லாதவன்" என்று வீட்டுக்குப் போவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேரின் கணக்குப் புத்தகங்களையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு இது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கும்.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வட்டங்கள் உணர்ச்சிகளைப் பேச முயன்றுதான் பெரும்பாலும் தோற்கின்றன. "மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்றால் பழக்கமில்லாதவர்கள் கூச்சப்படுவார்கள், பழக்கமுள்ளவர்கள் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். தொழில் நடத்துபவர்கள் மறைப்பது சோகத்தைவிட எண்களைத்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறேன், எனக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்கிறேன், யார் எனக்கு எவ்வளவு நாளாகப் பாக்கி வைத்திருக்கிறார், மொத்த வருவாயில் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் பங்கு எவ்வளவு: இந்த நான்கையும் ஒருவர் உண்மையாகச் சொல்லிவிட்டால், அவர் எப்படி இருக்கிறார் என்று தனியாகக் கேட்கவே வேண்டியதில்லை.

முதல் இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 60 மணி நேரம், வருடத்துக்கு 50 வாரம் என்றால் 3,000 மணி நேரம். எல்லாச் செலவும் போக வருடக் கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது 6,00,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. ஒரு மணி நேரத்துக்கு 200 ஆகிறது. நீங்கள் செய்யும் அதே வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை வைத்தால் மணிக்கு 250 கொடுக்க வேண்டியிருக்கும் என்றால், உங்கள் உழைப்பின் விலை 7,50,000. அதாவது லாபம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் தொழில், உங்கள் உழைப்புக்கு முழுக்கூலி கொடுத்தால் வருடத்துக்கு 1,50,000 நட்டத்தில் ஓடுகிறது. அந்த நட்டத்தை ஈடுகட்டுவது உங்கள் தூக்கம். உரிமையாளர் தனக்காக எடுப்பதைக் கணக்குப் பதிவியலில் "எடுப்புகள்" என்று மூலதனத்திலிருந்து கழிப்பார்களே தவிர, தனி உரிமையாளரின் உழைப்பைச் செலவாக எழுதுவதில்லை. ஆகவே ஆண்டுக் கணக்கு பார்க்க அழகாக இருக்கும். விலை போதவில்லை என்ற செய்தி அதில் எங்கும் தெரியாது. தொழில் வளரும் ஆரம்பக் கட்டத்தில் இப்படி இருப்பது இயல்புதான். பத்தாவது வருடத்திலும் அப்படியே இருந்தால் அது முதலீடு ஆகாது, மானியம். அந்த மானியத்தால் லாபமடைபவர் வாடிக்கையாளர்.

நேரம் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் கூடுதல். நீண்ட நேர உழைப்போடு தொடர்புடைய இறப்புகள் 2016இல் மட்டும் ஏறக்குறைய 7,45,000 என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இது பெரும் மக்கள்தொகையைப் பற்றிய கணிப்பு. 60 மணி நேரம் உழைக்கும் குறிப்பிட்ட ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை இது சொல்லாது. ஆனால் "எனக்குப் பழகிவிட்டது" என்று சொல்லிக்கொள்பவர்கள், பழக்கம் இந்த அபாயத்தைக் குறைக்கும் என்று நம்பிக்கொள்ள இந்த ஆய்வு இடம் தரவில்லை.

மணி நேரம் மட்டுமே பிரச்சினை என்றும் நினைக்கவேண்டாம். ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த ஒரு கருத்து தொழில்சார் நலம் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் அறிந்தது: வேலைப் பளுவைவிட, அதிகப் பளுவும் குறைந்த அதிகாரமும் சேர்வதுதான் ஆளை முறிக்கும். 1988இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் அதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள், சக மனிதர்களின் ஆதரவு. சொந்தத் தொழில் செய்பவருக்கு அதிகாரம் முழுக்க அவர் கையில்தானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். வருவாயில் 60 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்றால் அவருக்கு ஒரு மேலாளர் இருக்கிறார். விடுப்பும் ஓய்வூதியமும் கொடுக்காத மேலாளர். ஆதரவைப் பொறுத்தவரை, மேலே சொன்ன காரணங்களால் அவரிடம் இருப்பது பூஜ்யத்துக்குப் பக்கத்தில். உங்கள் வட்டத்தால் நேரடியாகக் கொடுக்க முடிந்தது இந்த மூன்றாவதை மட்டுமே. பளுவையும் அதிகாரத்தையும் மாற்ற அவரவர்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்குத் தைரியம் கொடுக்க மட்டுமே மற்றவர்களால் முடியும்.

சரி, கூடிப் பேசுவதால் பயன் உண்டா? தொழிலுக்குப் பயன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சீனாவின் நான்சாங் நகரில் ஜிங் சாய், ஆடம் செய்ட்ல் என்ற இரு பொருளியலாளர்கள் 2,820 இளம் நிறுவனங்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் உரிமையாளர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி ஒரு வருடம் மாதந்தோறும் சந்திக்க வைத்தார்கள். மற்றவர்களுக்குச் சந்திப்பு கிடையாது. சந்தித்தவர்களின் வருவாய் மற்றவர்களைவிட 8.1 சதவீதம் கூடியது. லாபமும் கூடியது. சந்திப்புகள் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் நீடித்தது. 2018இல் வெளியான அந்த ஆய்வில் உங்களுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் உண்டு: தங்களுக்குள் போட்டியில்லாதவர்கள்தான் தகவலைத் தாராளமாகப் பகிர்ந்துகொண்டார்கள், தொழில் உறவுகள் ஒருமுறை மட்டும் கூடிய கூட்டங்களைவிடத் தொடர்ந்து நடந்த சந்திப்புகளில்தான் அதிகம் உருவாயின. நீங்கள் வெவ்வேறு தொழில்களிலிருந்து வருபவர்கள் என்பதும், மாதந்தோறும் கூடுவதும் ஆகிய இரண்டும் ஏற்கெனவே சரியாக அமைந்திருக்கின்றன.

அந்த 8.1 சதவீதத்தை நான் கூட்டங்களில் சொல்லும்போதெல்லாம் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்வேன். அங்கே கூடியது வருவாய். வருவாய் கூடியதால் உரிமையாளர் நன்றாகத் தூங்கினார் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அதிக வருவாய் அதிக வேலையாகவும் இருக்கலாம். உங்கள் வட்டம் வளர்ச்சியை மட்டும் பேசும் வட்டமாக மாறினால், எல்லாரும் சேர்ந்து ஒருவரையொருவர் வேகமாக ஓட வைப்பீர்கள். அப்படிப்பட்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாரும் அடுத்தவரின் எண்களைக் கேட்டு உற்சாகமடைந்து வீடு திரும்புவார்கள். யாரும் யாரிடமும் போதும் என்று சொல்ல மாட்டார்கள்.

புலம்பல் பற்றிய உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்ப இருவர் பேசிக்கொண்டே இருப்பதைப் பற்றி அமாண்டா ரோஸ் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அப்படிப் பேசுபவர்களுக்கிடையே நட்பு நெருக்கமாக இருந்தது. அதோடு சோர்வும் பதற்றமும்கூட அதிகமாக இருந்தன. அவர் ஆராய்ந்தது பள்ளி வயதுப் பிள்ளைகளை. பெரியவர்களுக்கும் இது எந்த அளவு பொருந்தும் என்பதில் நான் எச்சரிக்கையாகவே இருக்கிறேன். ஆனாலும் நெருக்கம் கூடுவதை வைத்து மட்டும் பேச்சு பயன் தருகிறது என்று நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் நடைமுறையில் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. ஒரு கதை முதல் தடவை வரும்போது குறுக்கிடாமல் முழுவதும் கேட்கவேண்டும். புலம்பலாக இருந்தாலும் பரவாயில்லை. வேறு எங்கும் சொல்ல முடியாததைத்தானே இங்கே கொண்டுவந்திருக்கிறார். இரண்டாம் மாதம் அதே கதை வந்தால், "போன மாதத்திலிருந்து இதில் எது மாறியிருக்கிறது?" என்று யாராவது கேட்கவேண்டும். மூன்றாம் மாதமும் அப்படியே வந்தால் அந்தப் பிரச்சினையை ஏன் அவரால் விட முடியவில்லை என்பதைப் பேசவேண்டும். பெரும்பாலும் அங்கேதான் உண்மை கிடைக்கும். பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரை விட முடியாததற்கு, அவர்தான் இவரை முதன்முதலில் நம்பியவர் என்பது காரணமாக இருக்கும். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

எப்படித் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். ஒரு சந்திப்பில் எல்லாரும் ஐந்தைந்து நிமிடம் பேசுவதைக் கைவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் யாரும் அறிக்கையைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஒரு மாதத்துக்கு ஒருவர், அதிகம் போனால் இருவர். அவர்களுக்கு முழுதாக முக்கால் மணி நேரம். நான் மேலே சொன்ன நான்கு எண்களோடு அவர்கள் வரட்டும். முதலில் பேசவேண்டியவர், வட்டத்தில் யாருடைய தொழில் நன்றாக நடக்கிறது என்று மற்றவர்கள் நம்புகிறார்களோ அவர். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பவரை முதலில் பேச வைத்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். நிலையாக இருப்பவர் "நான் வாரத்துக்கு 65 மணி நேரம் உழைக்கிறேன், கடந்த ஆண்டு இரண்டு மாதம் எனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டால், மற்றவர்களுக்கு வாய் தானாகத் திறக்கும்.

கேட்பவர்களுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்: முதல் அரை மணி நேரம் கேள்விகள் மட்டும். ஆலோசனை கூடாது. ரெக் ரெவன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1940களில் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, வெளி நிபுணர்களை நம்பியிராமல் ஒருவர் பிரச்சினையை மற்றவர்கள் கேள்விகளால் துருவும் முறையை உருவாக்கினார். இன்று "செயல்வழிக் கற்றல்" (action learning) என்றும் வேறு பல பெயர்களிலும் நடப்பவற்றுக்கு அதுதான் வேர். சிறு தொழில் நடத்துபவர்களுக்கு இது மிகவும் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுவதும் பிரச்சினைகளைத் தீர்ப்பதே பிழைப்பாக இருப்பவர்கள் நாம். எதிரே ஒருவர் பிரச்சினையைச் சொன்னால் கை பரபரக்கும். "நானாக இருந்தால் அந்த வாடிக்கையாளரை அன்றைக்கே விட்டிருப்பேன்" என்று சொல்வது சுலபம். விட்டால் வரும் நட்டம் சொன்னவருடையது அல்லவே. அதற்குப் பதிலாக, "அவரை விட்டுவிட்டால் எத்தனை மாதம் உங்களால் தாக்குப்பிடிக்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாமல்தான் அவர் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்திருப்பார். அந்த இடத்திலேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். அரை மணி நேரம் முடிந்த பிறகு, உங்களுக்கு நேர்ந்த அனுபவம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். அனுபவம் இல்லாத கருத்து இருந்தால் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.

ரகசியம் காப்பதில் பாதி விதிகள் போதாது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் நிறுவனம் 1927இல் கொண்டுவந்த விதி உலகப் புகழ்பெற்றது: கூட்டத்தில் கேட்ட தகவலை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று சொல்லக் கூடாது. வெளிநாட்டுக் கொள்கை பேசுவோருக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. "எனக்குத் தெரிந்த ஒரு அச்சகக்காரர் காகிதம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் இருக்கிறார்" என்று பெயர் சொல்லாமல் சொன்னாலே, அந்த வட்டாரத்தில் காகிதம் விற்பவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே தகவலும் வெளியே போகக் கூடாது, பெயரும் போகக் கூடாது. வாழ்க்கைத் துணையிடமும் கூடாது. இன்னொன்று, பலரும் மறப்பது: சந்திப்புக்கு வெளியே அவரைப் பார்க்கும்போது, அவராகத் தொடங்காமல் நீங்களாக அதைப் பற்றி விசாரிக்கக் கூடாது. வேலையாட்கள் நடுவில் நிற்கும் ஒருவரிடம் "அந்தக் கடன் விஷயம் என்ன ஆயிற்று?" என்று அன்போடு கேட்டாலும் அது காட்டிக்கொடுப்பதுதான்.

வட்டத்துக்குள் ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதையும், உத்தரவாதக் கையெழுத்துப் போடுவதையும் முதல் நாளே தடை செய்துவிடுங்கள். இதை நான் கருத்தாகத்தான் சொல்கிறேன். மாறாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆபத்தில் உதவாத நட்பு என்ன நட்பு என்று அவர்கள் கேட்பார்கள். என் பதில்: கடன் கொடுத்த கணத்தில் நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவராகிவிடுகிறீர்கள். அதன் பிறகு அவர் உங்களிடமும் "நன்றாகப் போகிறது" என்றுதான் சொல்வார்.

சட்டம் சார்ந்த ஓர் எல்லையும் இருக்கிறது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் வேடிக்கைக்காகக் கூடினால்கூடப் பேச்சு கடைசியில் விலையை ஏற்றும் சதியில்தான் முடிகிறது என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே அலுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1890இன் ஷெர்மன் சட்டம் தொடங்கி, பல நாடுகளில் போட்டியாளர்கள் கூடி விலையைத் தீர்மானிப்பதும் வாடிக்கையாளர்களைப் பங்கிட்டுக்கொள்வதும் குற்றமாகவோ பெருந்தண்டத்துக்கு உரியதாகவோ இருக்கின்றன. சிறியவர்கள்தானே என்பது எல்லா இடத்திலும் காப்பாற்றும் சமாதானம் அல்ல. உங்களில் இருவர் ஒரே தொழிலில் இருந்தால், விலையை உயர்த்தும்போது ஏற்படும் பயத்தைப் பேசலாம், உயர்த்தியதை வாடிக்கையாளரிடம் எப்படி எடுத்துச்சொன்னேன் என்று பேசலாம். "இனி நாம் இருவரும் இதற்குக் கீழே போகவேண்டாம்" என்று பேசக் கூடாது. உங்கள் நாட்டின் விதி என்ன என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையைப் பேசிய பிறகு எடுக்கக்கூடிய முடிவுகள் அதிகமில்லை. விலையைக் கூட்டலாம், சில வகை வேலைகளை விட்டுவிடலாம், சிலவற்றை வேறு ஆளிடம் ஒப்படைக்கலாம், தொழிலைச் சுருக்கலாம், விற்கலாம், மூடலாம். இவற்றில் முதலாவதைத்தான் மக்கள் மிகவும் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் முதலில் முயலவேண்டியதும் அதுவே. ஒப்படைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் ஆளைப் பழக்கும் காலத்தில் வேலை இரண்டு மடங்காகும் என்பதால், ஏற்கெனவே களைத்துப்போனவர் அதைத் தொடங்கவே மாட்டார். அவருக்கு முதலில் ஏதாவது ஒன்றைக் குறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஒப்படைக்கச் சொல்லவேண்டும். ஓய்வைப் பற்றி ஒரு வார்த்தை: சபீன் சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் ஓய்வின் கூறுகளைப் பிரித்து அளக்க ஒரு வினாநிரலை வெளியிட்டார்கள், வேலையிலிருந்து மனதளவில் விலகியிருப்பது அதில் முதன்மையான கூறு. விடுப்பு எடுத்துக்கொண்டு கைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் விடுப்பு என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

மூடுவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியே அதிலிருந்துதான் பிறந்திருக்கிறது. மூடுவதைத் தோல்வி என்று மட்டும் பார்க்கும் வட்டத்தில் யாரும் கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார்கள். கடனும் பாக்கியும் கட்டுக்குள் இருக்கும்போதே, வேலையாட்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, இருக்கும் சரக்கைப் பதற்றமில்லாமல் விற்று ஒருவர் மூடினால் அது நல்ல நிர்வாகம். ஆறு மாதம் தாமதித்து, வீட்டை அடகு வைத்து, பிறகு மூடினால் அதே முடிவுக்கு இரட்டிப்பு விலை. உங்கள் நண்பர் மூடியது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். அதைத் தனியாக எடுக்க நேர்ந்ததுதான் கொடுமை. "தொடரலாமா, நிறுத்தலாமா" என்று உங்கள் நடுவில் உட்கார்ந்து கேட்கமுடியும் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் போதும்.

அவரை இன்னும் நீங்கள் போய்ப் பார்க்கவில்லை என்று ஊகிக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கம். போய்ப் பாருங்கள். என்ன நடந்தது என்று துருவவேண்டாம், ஏன் சொல்லவில்லை என்று கேட்கவே வேண்டாம். சந்திப்புக்குத் தொடர்ந்து வர விருப்பமா என்று கேளுங்கள். தொழில் இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று வட்டத்தில் யாராவது சொன்னால், அவர்களிடம் வாதாடுங்கள். உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று இப்போது அவருக்குத் தெரியும். அவர் பேசத் தயாராகும்போது கேட்க ஆள் இருக்கவேண்டும்.

எதை வட்டம் கையாளக் கூடாது என்பதையும் சொல்லியாகவேண்டும். பணிச்சோர்வை, அதாவது பர்ன் அவுட்டை, உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் வேலை சார்ந்த ஒரு நிகழ்வாகச் சேர்த்திருக்கிறது. நோய் என்று வகைப்படுத்தவில்லை. உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையிடம் வெறுப்போ விலகலோ ஏற்படுதல், செய்வதில் திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இதற்கு வேலையை மாற்றியமைப்பது ஓரளவு உதவும். ஆனால் மனச்சோர்வு நோய் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நம்மால் பிரித்தறிய முடியாது, முயலவும் கூடாது. வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாமல், பிடித்தவை எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போங்கள். "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி", "காப்பீட்டுப் பணமாவது குடும்பத்துக்கு வரும்" என்ற மாதிரி ஒரு வாக்கியம் வந்தால், அதை விரக்தியில் சொன்னதாக விட்டுவிடக் கூடாது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். அவசர உதவியையும் குடும்பத்தாரையும் அழையுங்கள். ரகசிய விதி அந்த இடத்தில் செல்லாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே எல்லாருக்கும் சொல்லி வைத்திருங்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி. எத்தனை வருடம் ஓட முடியும் என்ற கேள்விக்கு என்னால் வருடக் கணக்கில் பதில் சொல்ல முடியாது. உங்கள் நான்கு எண்களும் என்னிடம் இல்லை. உங்களிடமும் எழுத்தில் இருக்காது என்றே நினைக்கிறேன். இந்த வாரம் ஏழு நாளும், கடையைத் திறந்த நேரம் மட்டுமல்லாமல், இரவு படுக்கையில் கைபேசியில் பதில் எழுதிய நேரத்தையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். கடந்த ஆண்டு உங்களுக்காக எடுத்ததை அதற்கு எதிரே வையுங்கள். அடுத்த சந்திப்பில் அந்தத் தாளை மேசையில் வைத்து நீங்களே முதலில் பேசுங்கள். உடனே எல்லாரும் தங்கள் தாளை எடுத்துவிட மாட்டார்கள்; ஒருவர் உங்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்குவார், இன்னொருவர் பேச்சை மாற்றுவார். யாராவது ஒருவர் மட்டும் பிறகு தனியாக வந்து, தன்னுடையதையும் எழுதிப் பார்த்ததாகச் சொல்வார். இரண்டு மூன்று மாதத்தில் அப்படி ஒருவர்கூட வரவில்லையென்றால் அந்த வட்டத்தைப் பழக்கத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வேறு தொழிலில் இருக்கும் நம்பகமான இரண்டு பேரோடு தனியாகத் தொடங்குங்கள். மூன்று பேர் போதும்.